அரண்மனையை விட்ட அருளானந்தர்

நம் ஊருக்குத் தேவதானம் என்று பெயர். சேத்தூரை அடுத்து, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், வயலும் தோப்பும் சூழ்ந்த ஊர். இந்தப் பெயரை நோட்டுப் புத்தகத்தின் அட்டையில் எழுதுகிறோம்; பேருந்தில் நடத்துநரிடம் சொல்லிச் சீட்டு வாங்குகிறோம். ஆனால் அதன் பொருளை எண்ணிப் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? முற்காலத்தில் கோயிலுக்கென்று வரி நீக்கி விடப்பட்ட நிலத்தைத் தேவதானம் என்று வழங்கினார்கள். கல்வெட்டுகளில் இச்சொல் பல இடங்களில் வருகிறது என்று எங்கள் தமிழாசிரியை சொல்லித் தந்தார். இறைவனுக்கென்று எழுதிக் கொடுத்த நிலம் அது. கொடுத்தவர் அதைத் திரும்பக் கேட்பதில்லை.

நிலத்தைக் கொடுக்கலாம், பொன்னைக் கொடுக்கலாம். பெற்ற பிள்ளையைக் கொடுக்க எந்தத் தாய்க்கு மனம் வரும்? அப்படிக் கொடுத்த ஒரு தாயையும், கொடுக்கப்பட்ட ஒரு மகனையும் பற்றி எழுதவே நாங்கள் இந்தப் பக்கங்களை எடுத்துக்கொண்டோம். அந்த மகனை உலகம் ஜான் தெ பிரிட்டோ என்று அறியும். நம் தமிழ் மக்கள் அவரை அருளானந்தர் என்று அன்போடு அழைத்தார்கள். இன்றும் அப்படியே அழைக்கிறார்கள்.

அவரைப் பற்றி எழுதும் எண்ணம் எங்களுக்கு எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு நாள் மறைக்கல்வி வகுப்பில் சிஸ்டர் எங்கள் எல்லோருக்கும் ஆளுக்கொரு தாள் கொடுத்தார்கள். முன்பக்கத்தில் எங்களுக்கு என்னென்ன வேண்டும் என்று எழுதச் சொன்னார்கள். கேட்க வேண்டுமா! சைக்கிள், வெள்ளிக் கொலுசு, கிறிஸ்துமஸுக்குப் பட்டுப்பாவாடை, கணக்கில் நூற்றுக்கு நூறு, மாடி வீடு என்று எழுதித் தள்ளினோம். சிலர் இன்னொரு தாள் கேட்டார்கள். பிறகு தாளைத் திருப்பி, கடவுளிடமிருந்து இதுவரை பெற்றுக்கொண்டவற்றை எழுதச் சொன்னார்கள். வகுப்பு அமைதியாகிவிட்டது. அப்பா, அம்மா, தம்பி, தங்கை என்று எழுதியபின் பேனா ஓடவில்லை. இரவு ஷிப்டு முடிந்து மில்லிலிருந்து சைக்கிள் மிதித்து வரும் அப்பாவின் உழைப்பை எழுத வேண்டும் என்று கூட எங்களில் பலருக்குத் தோன்றவில்லை. சிஸ்டர் ஒன்றும் திட்டவில்லை. அருளானந்தருடைய கதையைச் சொல்லத் தொடங்கினார்கள். அன்று மணி அடித்தும் நாங்கள் எழுந்திருக்கவில்லை.

போர்த்துக்கல் நாட்டின் தலைநகரான லிஸ்பன் மாநகரில் 1647-ஆம் ஆண்டு மார்ச் மாதம் முதல் நாள் அவர் பிறந்தார். பெருங்குடியில் பிறந்த பிள்ளை. தந்தை சால்வதோர் தெ பிரிட்டோ பிரேசில் நாட்டின் ரியோ டி ஜெனிரோவில் ஆளுநராகப் பணியாற்றி அங்கேயே இறந்தார். அப்போது நம் அருளானந்தர் சின்னஞ்சிறு குழந்தை. தாய் பெயாத்ரிஸ் அம்மையார் கைம்பெண்ணாக நின்று பிள்ளைகளை வளர்த்தார். கடைசிப் பிள்ளை மேல் தாய்க்கு எவ்வளவு பாசம் இருக்கும் என்பதை நாம் நம் வீடுகளிலேயே பார்க்கிறோம் அல்லவா?

ஒன்பது வயதளவில் சிறுவன் அரண்மனைக்குப் போனான். அரசகுமாரன் பேதுருவுக்கு விளையாட்டுத் தோழனாகவும் பாடத் தோழனாகவும் இருப்பது அவன் வேலை. அக்காலத்துப் போர்த்துக்கல் அரண்மனை எப்படிப்பட்டது என்று சற்றே எண்ணிப் பாருங்கள். ஒரு பக்கம் பிரேசிலிலிருந்து சர்க்கரை வந்து இறங்குகிறது. மறுபக்கம் நம் நாட்டிலிருந்து மிளகும் துணியும் வந்து இறங்குகின்றன. தங்கச் சரிகையும் வெல்வெட்டும் புரளும் கூடம். அங்கே பழகும் பையனுக்கு நாளைக்குப் பதவி நிச்சயம்.

அந்த நாட்களில்தான் பையனுக்குக் கடும் நோய் கண்டது. மருத்துவர்கள் கைவிட்டார்கள். தாய் என்ன செய்வார்? நம் ஊர்த் தாய்மார்கள் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்துகொள்வதில்லையா? அதைத்தான் பெயாத்ரிஸ் அம்மையாரும் செய்தார். புனித சவேரியாருக்கு நேர்ந்துகொண்டார். பிள்ளை பிழைத்தால், சவேரியார் சேர்ந்திருந்த சேசு சபையின் கறுப்பு அங்கியை ஓராண்டுக் காலம் அவனுக்கு உடுத்துவதாகப் பொருத்தனை. பிள்ளை பிழைத்தான். அம்மையார் சொன்ன சொல் தவறவில்லை. பட்டும் சரிகையும் மின்னும் அரண்மனைக் கூடத்தில் ஒரு சிறுவன் மட்டும் குருவானவரைப் போல் கறுப்பு அங்கியோடு நடமாடினான். மற்றப் பையன்கள் அவனைக் கேலி செய்தார்கள்.

ஓராண்டு முடிந்ததும் அங்கியைக் கழற்றினார்கள். தாயின் கணக்கு அதோடு தீர்ந்தது. ஆனால் மகனின் கணக்கு தீரவில்லை. தான் பிழைத்திருப்பது தனக்குக் கிடைத்த வரம் என்று அவன் மனத்தில் ஆழப் பதிந்துவிட்டது. சவேரியார் 1541-ஆம் ஆண்டு இதே லிஸ்பனிலிருந்துதான் கப்பலேறி, நம் முத்துக்குளித்துறைக் கடற்கரையில் மீனவ மக்களோடு வாழ்ந்தார் என்பதை அவன் அறிவான். சவேரியார் சென்ற நாட்டுக்கே தானும் செல்ல வேண்டும் என்ற ஆசை அவனுக்குள் வளர்ந்தது. 1662-ஆம் ஆண்டு டிசம்பர் 17-ஆம் நாள் சேசு சபையின் நவதுறவகத்தில் சேர்ந்தான். அன்று அவனுக்கு வயது பதினைந்து. பதினைந்து! இதை எழுதும் எங்களுக்கும் அதே வயதுதான். தாளின் முன்பக்கத்தை நிரப்ப இடம் போதாதவர்கள் நாங்கள்.

அரண்மனையில் அதற்குப் பின் நடந்ததையும் இங்கே குறிப்பிட வேண்டும். அவருடைய விளையாட்டுத் தோழனான பேதுரு, 1667-ஆம் ஆண்டில் அரசனாயிருந்த தன் சொந்த அண்ணன் அல்போன்சை அதிகாரத்திலிருந்து இறக்கிவிட்டு ஆட்சியைக் கைக்கொண்டான். அண்ணனை நடுக்கடல் தீவு ஒன்றுக்கு அனுப்பினார்கள். பிறகு சிந்த்ரா என்னும் ஊர் அரண்மனையில் அடைத்து வைத்தார்கள். 1683-ல் அவன் அங்கேயே இறந்தான். அதன்பின்தான் பேதுரு முடி சூடினான். அண்ணன் நாடாளத் தகுதியற்றவன் என்று காரணம் கூறினார்கள். இருக்கலாம். ஆனாலும் ஒரே கூடத்தில் ஒன்றாகப் படித்த இரு சிறுவர்களில் ஒருவன் அண்ணனின் ஆட்சியைப் பெற்றான்; மற்றவர் தமக்குரிய செல்வத்தையும் பெயரையும் உதறிவிட்டுப் புத்தகப்பையோடு எவோராவிலும் கோயிம்பிராவிலும் மாணவராக அலைந்தார் என்பதை நினைக்கும்போது எங்களுக்கு வியப்பாக இருந்தது.

1673-ஆம் ஆண்டு அவர் குருப்பட்டம் பெற்றார். உடனே இந்தியாவுக்குப் புறப்படத் தயாரானார். இங்கேதான் கதையின் கடினமான இடம் வருகிறது. தாய் மறுத்தார்! மகனைக் குருவாகக் கொடுக்கச் சம்மதித்தவர், கடல் கடந்து அனுப்பச் சம்மதிக்கவில்லை. கப்பலேறினால் திரும்பி வருவது உறுதியில்லாத காலம் அது. அழுதார், மன்றாடினார். பாப்பரசரின் தூதுவர் வரைக்கும் போய், மகனைத் தடுத்து நிறுத்தும்படி முறையிட்டார். எங்கள் வகுப்பில் இந்த இடத்தைக் கேட்டதும் சிலர் தாயைக் குறை சொன்னார்கள். ஆனால் வெளியூர்க் கல்லூரிக்கு அனுப்பும்போதே பேருந்து நிலையத்தில் அழுகிற அம்மாமார்களைப் பார்த்திருக்கும் எங்களால் பெயாத்ரிஸ் அம்மையாரைக் குறை சொல்ல முடியவில்லை. கடவுளுக்கென்று நேர்ந்துவிட்டதைக் கையை விட்டுப் பிரிப்பது அத்தனை எளிதா? எனினும் மகன் உறுதியாக நின்றார். அவ்வாண்டு மார்ச் மாதம் கப்பல் புறப்பட்டது.

பொன்னும் மிளகும் தேடி அந்தக் கடல் வழியே போனவர்கள் ஆயிரம் ஆயிரம் பேர். அந்தக் கப்பலில் கொள்ளை நோய் பரவியது. இளங்குருவானவர் நோயாளிகளின் பக்கத்திலேயே இருந்து பணிவிடை செய்தார். செப்டம்பரில் கோவா சேர்ந்தது கப்பல். அங்கே சவேரியாரின் திருவுடல் வைக்கப்பட்டிருக்கிறது. தம்மைக் காத்த புனிதரின் கல்லறை முன் முழந்தாளிட்டபோது அவர் மனம் என்ன பாடுபட்டிருக்கும்!

அடுத்த ஆண்டு மதுரை மறைபணித் தளத்துக்கு வந்தார். கேரளத்து அம்பழக்காட்டிலிருந்து கால்நடையாகப் புறப்பட்டு, நம் ஊருக்கு மேற்கே நாம் தினமும் காணும் இதே மலைத்தொடரை வடக்கே வேறோர் இடத்தில் கடந்து தமிழ்நாட்டில் கால் வைத்தார். அவருக்கு முன்பே இராபர்ட் தெ நொபிலி என்னும் தத்துவ போதகர் சந்நியாசி வேடம் பூண்டு மதுரையில் மறைபரப்பியிருந்தார். நொபிலியார் உயர்குலத்தார் நடுவில் பணியாற்றினார். அருளானந்தரோ பண்டாரச்சாமியாக வாழ்ந்தார். பண்டாரங்கள் எல்லாக் குலத்தாரோடும், ஏழை எளியவரோடும் பழகலாம் என்பதே அதற்குக் காரணம். காவி உடை, தலைப்பாகை, கையில் தடி. இறைச்சியில்லை, மீனில்லை, முட்டையில்லை, மதுவில்லை. நாளொன்றுக்கு ஒரு வேளை சோறும் காய்கறியும். தரையில் பாய் விரித்துப் படுக்கை. அரண்மனை மேசையில் உண்டு வளர்ந்தவர் இப்படி வாழ்ந்தார்! இன்றைக்கும் கீரையா என்று முகம் சுளிக்கும் எங்களுக்கு இந்த இடத்தில் சற்று வெட்கமாயிருந்தது.

பஞ்சமும் வெள்ளமும் போரும் மாறி மாறி வந்த காலம். அவர் ஓரிடத்தில் நிலையாக இருந்ததில்லை. தஞ்சை நாட்டிலும், செஞ்சிப் பக்கத்திலும், மதுரைச் சீமையிலும் ஊர் ஊராக நடந்தார். பின்னர் மதுரைப் பணித்தளத்துக்கே தலைவரானார். 1686-ஆம் ஆண்டு மே மாதம் மறவர் நாட்டுக்குள் நுழைந்தார். இரண்டு மாதம் சொச்சத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் அவரிடம் ஞானஸ்நானம் பெற்றார்கள். ஜூலை மாதம் மங்கலம் என்னும் ஊரில் படைத்தலைவர் ஒருவர் அவரையும் அவருடைய உபதேசிமாரையும் பிடித்தார். தண்ணீரில் அமுக்கினார்கள். கயிற்றில் கட்டினார்கள். கொதிக்கும் வெயிலில் கூரிய பாறை மேல் கிடத்தி மிதித்தார்கள். கடைசியில் இராமநாதபுரத்துக்குக் கொண்டு போனார்கள். கிழவன் சேதுபதி அவரை அழைத்து விசாரித்து, அவர் போதித்த மறையின் விளக்கத்தைப் பொறுமையாகக் கேட்டு, இனி இந்நாட்டில் போதிக்கக் கூடாது என்று ஆணையிட்டு விடுதலை செய்தார்.

விடுதலையான சிறிது காலத்தில் பணித்தளத்தின் காரியமாக அவரை ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். 1687-ல் லிஸ்பன் திரும்பினார். புறப்பட்டுப் பதினான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. தோழன் பேதுரு இப்போது போர்த்துக்கல்லின் மன்னன். தாய் உயிரோடிருந்தார். ஊரே அவரைப் பார்க்கத் திரண்டது. அங்கேயும் அவர் தமிழ்நாட்டில் உண்டது போலவே காய்கறி உணவையே உண்டார்.

மன்னன் அவரை விட மனமில்லாமல், தன் மகனுக்கு ஆசிரியராக அரண்மனையிலேயே தங்கிவிடும்படி கேட்டான். பாவமான காரியம் ஒன்றுமில்லையே? அரசகுமாரனை நல்வழியில் வளர்ப்பதும் ஒரு தொண்டுதானே? வயதான தாய்க்கும் பக்கத்தில் இருக்கலாம். உடம்போ முன்பட்ட சித்திரவதையால் நலிந்திருந்தது. எங்களைக் கேட்டால், மறவர் நாட்டுச் சிறைக்கூடத்தைவிட இதுதான் அவருக்கு வந்த பெரிய சோதனை என்று சொல்வோம். கெட்ட ஆசையை அடையாளம் கண்டு விலக்குவது எளிது. நல்லதைப் போல் உடுத்துக்கொண்டு வரும் ஆசையை என்ன செய்வது? அருளானந்தர் மறுத்துவிட்டார். அரண்மனைக்கு ஆசிரியர்கள் கிடைப்பார்கள். மறவர் நாட்டில் தம் மக்கள் ஆயரில்லா ஆடுகளாக நிற்கிறார்கள் என்பதே அவர் எண்ணம். 1690-ஆம் ஆண்டு மறுபடியும் கப்பலேறினார். இம்முறை தாய் தடுத்ததாக நாங்கள் எங்கும் படிக்கவில்லை.

திரும்பி வந்தவர் மறவர் நாட்டிலேயே பணியைத் தொடர்ந்தார். தடியத்தேவர் என்பவர் அந்நாட்டின் பெருங்குடியில் பிறந்தவர். சேதுபதியின் அரியணைக்கும் உரிமை கொண்டாடத்தக்கவர். அவர் தீராத நோயில் கிடந்தார். உபதேசியார் ஒருவர் வந்து நற்செய்தி வாசித்துச் செபித்தார். நோய் நீங்கியது. நன்றி மிகுந்த தடியத்தேவர் தமக்கும் ஞானஸ்நானம் வேண்டும் என்று பிடிவாதமாகக் கேட்டார். ஆனால் அவருக்கு மனைவியர் பலர். ஒருத்தியோடு மட்டுமே வாழ வேண்டும் என்பது திருமறையின் சட்டம். அவர் அதற்கும் இணங்கினார். 1693-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் நாள், மூவரசர் திருநாளன்று, அருளானந்தர் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்.

விலக்கப்பட்ட மனைவியரில் இளையவள் கடலை. அவள் சேதுபதியின் உறவுப் பெண். நேரே அரசரிடம் போய் அழுதாள். பல புத்தகங்களில் அவளைப் பொல்லாதவள் என்று எழுதியிருக்கிறார்கள். எங்களால் அப்படி நினைக்க முடியவில்லை. ஒரு பகலில் தன் வீட்டை இழந்த பெண் அவள். அவளுக்கு நியாயம் கேட்க அரசரைத் தவிர யார் இருந்தார்கள்? அரசருக்கோ வேறு கவலையும் இருந்தது. அரியணைக்கு உரிமையுள்ள ஒருவர் புதிய மறையில் சேர்ந்து, அவர் பின்னே மக்களும் போனால் நாடு என்னாகும் என்ற அச்சம் அது. இரண்டே நாளில் அருளானந்தரைப் பிடித்தார்கள்.

இராமநாதபுரத்தில் சில நாள் சிறை. அதன்பின், நாடு கடத்துவதாக வெளியே சொல்லிவிட்டு, தம் தம்பி ஆண்டுவந்த ஓரியூருக்கு அரசர் அவரை அனுப்பினார். கொன்றுவிடும்படி தம்பிக்கு இரகசிய ஆணை போயிற்று. ஓரியூர்ச் சிறையில் பிப்ரவரி 3-ஆம் நாள் அவர் தம் சபையினருக்குக் கடைசிக் கடிதம் எழுதினார். மையும் இல்லை, எழுதுகோலும் இல்லை. கரியைத் தண்ணீரில் குழைத்து, துரும்பால் தொட்டு எழுதினார். அரண்மனையில் இறகுப்பேனா பிடித்துப் படித்த கை! அந்தக் கடிதத்தில் குறையில்லை, புலம்பலில்லை. வெகுநாள் வேண்டிய பரிசு கைக்கு வருகிறதே என்ற மகிழ்ச்சிதான் இருக்கிறது. உலகத்தில் எத்தனையோ பேர் எல்லாம் கிடைத்தும் இன்னும் வேண்டும் என்று தவிக்கிறார்கள். இவர் எல்லாம் போன பிறகு நிறைவோடு இருக்கிறார். உயிர் கூடச் சிறுவயதில் தமக்கு மறுபடி கிடைத்த கொடை என்று எண்ணியவருக்கு, அதைத் திருப்பிக் கொடுப்பதில் நஷ்டம் தெரியவில்லை போலும்.

மறுநாள் 1693 பிப்ரவரி 4, புதன்கிழமை. அந்த ஆண்டில் அதுவே சாம்பல் புதன். பாம்பாற்றங்கரைப் பக்கம் அவரைக் கொண்டு சென்றார்கள். சற்று நேரம் செபித்துவிட்டு, எழுந்து கொலைஞனைத் தழுவிக்கொண்டார். கழுத்தில் இருந்த புனிதப்பொருள் பேழையைக் கண்டு அது ஏதோ மந்திரமோ என்று கொலைஞன் அஞ்சித் தயங்கினானாம். பிறகு வெட்டு விழுந்தது. நாற்பத்தாறு வயது நிறைய இன்னும் இருபத்தைந்து நாட்கள் இருந்தன.

ஓரியூர் மண் சிவந்திருக்கிறது. வேதசாட்சியின் இரத்தம் பட்டுச் சிவந்தது என்று மக்கள் நம்புகிறார்கள். கிறிஸ்தவர்கள் மட்டுமல்ல, இந்துக்களும் அங்கே சென்று நேர்ச்சை செலுத்தி, ஒரு பிடி மண்ணை முடிந்து எடுத்து வருகிறார்கள். எங்கள் தோழி ஒருத்தியின் பாட்டி அப்படி எடுத்து வந்த மண்ணை எங்களுக்குக் காட்டினார். பழைய குங்குமச் சிமிழில் பத்திரமாக வைத்திருக்கிறார். மாலை நேரத்து வெயிலில் அது செங்கல் பொடியைப் போலத்தான் தெரிந்தது. ஆனால் பாட்டி அதை மூடும்போது இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். 1853-ஆம் ஆண்டு திருச்சபை அருளானந்தரை முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தியது. 1947 ஜூன் 22-ஆம் நாள், நம் நாடு விடுதலை அடைவதற்கு இரண்டு மாதத்துக்கும் குறைவான காலத்துக்கு முன், பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார்.

இனி அந்தத் தாயைப் பற்றி மட்டும் ஒரு செய்தி மிச்சமிருக்கிறது. மகன் இறந்த செய்தி கடல் கடந்து லிஸ்பன் போய்ச் சேர்ந்தது. மன்னன் பேதுரு துக்கச் சடங்கு நடத்தவில்லை. இறைவனுக்கு நன்றி வழிபாடு நடத்தும்படி ஆணையிட்டான். அதற்குப் பெயாத்ரிஸ் அம்மையாரும் வந்தார். ஒரு காலத்தில் மகனுக்கு ஓராண்டு மட்டும் கறுப்பு அங்கி உடுத்துவதாக நேர்ந்துகொண்டவர், கப்பலேற விடாதீர்கள் என்று தூதுவரின் வாசலில் நின்று அழுதவர், அன்று கறுப்பு உடுத்தி வரவில்லை. திருவிழாவுக்கு உடுத்தும் ஆடையை உடுத்திக்கொண்டு கோயிலுக்குள் வந்தார்.